காற்றில்லாத சனிக்கிழமைகள்

திரியெஸ்தே துறைமுகத்தின் ஏழாம் கிடங்கில்
காப்பி ருசி பார்ப்பது என் வேலை.
கரண்டியால் உறிஞ்சி
நாக்கில் ஒரு சுற்று உருட்டித்
துப்பிவிட வேண்டும்.
நாளொன்றுக்கு எண்பது கிண்ணம்.
துப்பியதைவிட விழுங்கியதே அதிகமென்று
இருபத்திரண்டு வருடம் கழித்து
இடது நெற்றிப்பொட்டு கணக்கு ஒப்பிக்கிறது.

வலி வரும் வழி எனக்கு அத்துப்படி.
முதலில் கொட்டாவி.
பிறகு சாக்குப்பைகளில் அச்சடித்த எழுத்துகளின்
ஓரம் மட்டும் நெளியும்.
அப்புறம் கண்ணுக்குப் பின்னால் யாரோ
நாற்காலியை இழுத்துப் போட்டு
உட்கார்ந்துகொள்வார்கள்,
சாவகாசமாக.

போய்த் தொலையட்டும் என்று ஆசைப்பட்டேன்.
ஆசையில் நான் குறை வைத்ததே இல்லை.
கழுத்துக்கென்று வளைந்த தலையணை வாங்கினேன்.
லாவெண்டர் எண்ணெய் வாங்கினேன்,
மூச்சுப் பயிற்சிக்கு ஒரு புத்தகம்,
அதில் பதினோராம் பக்கம் வரை அடிக்கோடு.
நடப்பதற்கென்று காலணியும் வாங்கினேன்.
அது இன்னும் பெட்டிக்குள்,
வாயில் காகிதம் திணித்தபடி,
என்னிடம் எதையோ சொல்ல விடாதது போல.

எல்லாவற்றுக்கும் போராதான் காரணம் என்பேன்.
மேட்டு நிலத்திலிருந்து கடலுக்கு இறங்கும் காற்று.
குடைகளின் எலும்பை முறித்து
ஸ்கூட்டர்களைச் சாய்த்துவிட்டுப் போகும்.
பழி போட இவ்வளவு வசதியான காற்று
வேறு எந்த ஊருக்கு வாய்த்திருக்கிறது?

மருந்துக்கடை ஃபுல்வியோ
அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்:
"இந்த மாதம் எத்தனையாவது, நெவியா?"
மூன்று என்றேன்.
ஐந்து.
"இதையே அளவுக்கு மேல் தின்றால்
இதுவே தலைவலி கொடுக்கும்.
மருத்துவரைப் பார்."
அன்று அவர் விற்கவில்லை.
தெருவெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

மருத்துவர் ஒரு குறிப்பேடு போடச் சொன்னார்.
தூக்கம், சாப்பாடு, காப்பி, காற்று, வலி.
முதல் வாரம் ஏட்டிடமே பொய் சொன்னேன்.
தூக்கம்: எட்டு மணி நேரம்.
காப்பி: இரண்டு.
பென்சிலின் முனை தானாக ஒடிந்தது,
அல்லது நான்தான் அழுத்தினேன்.

ஐந்தாம் வாரம்,
கட்டங்களை வெறுமனே புரட்டுகையில்,
சனிக்கிழமை.
மறுபடி சனிக்கிழமை.
சாயம் போன துணிபோல் கடல் அசையாது கிடந்த,
படகுக் கொடிகள் தொங்கிப் போன
சனிக்கிழமை.
கிடங்குக்கு விடுமுறை. கிண்ணங்கள் இல்லை.
பத்து மணிக்கு நாற்காலி இழுபடும் ஓசை.

பாவம், காற்று.
இத்தனை வருடம் என் ஏச்சை வாங்கிக்கொண்டு
பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரே நாளில் நிறுத்தாதே என்றார் மருத்துவர்,
கொஞ்சங் கொஞ்சமாகக் குறை.
வேலையில் ஒவ்வொரு வாயையும் துப்பினேன்,
நேர்மையாக, சத்தமாக.
பக்கத்து மேசை தாரியோ முகம் சுளித்தான்.
வீட்டுக் காப்பியில் வாரம் ஒரு மிடறு குறைத்தேன்.
சனிக்கிழமையும் அதே மணிக்கு எழுந்தேன்.
இதில் எதுவும் ஆசைப்பட்டுச் செய்ததில்லை.
ஆசை கட்டிலிலேயே கிடந்தது,
போர்வையை இழுத்து மூடிக்கொண்டு.
கால்தான் எழுந்து போனது.

நேற்று போரா. நிஜமான போரா.
முனையில் கயிறு கட்டியிருந்தார்கள்.
பெட்டியைத் திறந்து
காலணியின் வாயிலிருந்து காகிதத்தை எடுத்தேன்.
கயிற்றைப் பிடித்தால் காற்று நிற்காது.
நான் நின்றேன். பிறகு நடந்தேன்.
எதிரே கயிற்றின் அதே பக்கத்தில் வந்த
முன்பின் தெரியாத ஒருத்தியோடு
யார் கையை விடுவதென்று
சிரித்துக்கொண்டே தடுமாறினேன்.

இன்று காலை கொட்டாவி வந்தது.
எழுத்தோரம் நெளிந்தது.
ஏட்டில் எழுதினேன்: வந்திருக்கிறது.
சன்னலை மூடி, தண்ணீர் குடித்து,
நெற்றியில் ஈரத்துணியோடு காத்திருந்தேன்.
வந்தவர் இன்னும் கோட்டைக் கழற்றவில்லை.
நாற்காலியின் நுனியில்தான்
உட்கார்ந்திருக்கிறார்.